முதலில் நகல் எடுத்தார்கள், பிறகு சட்டம் எழுதினார்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது நிதானமாகப் படியுங்கள். நெசவு, சாயம், துணி அச்சுத் தொழிலில் இருப்பவர்கள் கடைசிப் பகுதியை மட்டுமாவது அவசியம் படித்துவிடுங்கள்.

2025 ஜூன் மாதம் இத்தாலியின் மிலான் நகரில் பிராடா நிறுவனத்தின் ஆண்கள் உடை அணிவகுப்பு நடந்தது. நடந்து வந்தவர்களின் காலில் இருந்த செருப்பைப் பார்த்ததுமே மகாராஷ்டிரத்து மக்கள் கண்டுகொண்டார்கள். அது கோலாப்பூர் செருப்பின் வடிவம். நிறுவனம் அதை வெறும் தோல் செருப்பு என்றுதான் குறிப்பிட்டிருந்தது. எதிர்ப்பு கிளம்பிய பிறகே, இந்தியக் கைவினை மரபிலிருந்து எடுத்துக்கொண்ட வடிவம் என்று ஒப்புக்கொண்டது. ஆண்டு இறுதியில் அந்தக் கைவினைஞர்களின் அரசுக் கழகங்களோடு ஓர் ஒப்பந்தமும் செய்துகொண்டது.

கோலாப்பூர் செருப்புக்கு 2019லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. மகாராஷ்டிரத்தில் 4, கர்நாடகத்தில் 4 என்று 8 மாவட்டங்களுக்கு உரியது அது. ஆனாலும் இந்த விஷயத்தில் மும்பை உயர் நீதிமன்றத்துக்குப் போன பொதுநல வழக்கு நிற்கவில்லை. குறியீட்டைப் பதிவு செய்து வைத்திருப்பவர்கள்தான் வழக்குக்கு வர வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அப்போது என்னிடம் படித்த நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் சிலர் கேட்டார்கள். "புவிசார் குறியீடு இருக்கே சார், அப்புறம் எப்படி அவனால இதைச் செய்ய முடிஞ்சது? நாளைக்கு நம்ம சேலைக்கும் இதே கதைதானா?"

சுருக்கமான பதில் இதுதான்: புவிசார் குறியீடு காப்பது பெயரை. பிராடா அந்தப் பெயரைப் பயன்படுத்தவே இல்லை. செருப்பின் வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. சட்டம் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டால் பதில் நீளமானது. அது நம் கடற்கரையிலிருந்தே தொடங்குகிறது.

*

17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் கப்பல்கள் சோழமண்டலக் கரைக்கு வந்ததற்கு முக்கியக் காரணம் துணி. மசூலிப்பட்டினம், பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், புதுச்சேரி என்று அவர்கள் கிடங்கு வைத்த ஊர்களைப் பாருங்கள். எல்லாமே துணி ஏற்றுமதி நடந்த ஊர்கள். 1639இல் ஆங்கிலேயர் சென்னையைத் தேர்ந்தெடுத்ததற்கும் இங்கே துணி மலிவாகக் கிடைக்கும் என்பது ஒரு காரணம்.

அந்தத் துணிகளில் ஐரோப்பாவை மயக்கியது கையால் எழுதிச் சாயமேற்றிய பருத்தித் துணி. இன்று நாம் கலம்காரி என்கிறோமே, அதன் முன்னோர். ஆங்கிலேயர் அதைச் சிந்ட்ஸ் என்றார்கள். மயக்கத்துக்குக் காரணம் பூவேலை மட்டும் இல்லை, சாயமும்தான். அக்கால ஐரோப்பாவில் பருத்தித் துணியில் அச்சடித்த நிறம் துவைத்தால் போய்விடும். நம் துணி துவைக்கத் துவைக்கப் பளிச்சென்று இருந்தது.

அதன் நுட்பத்தைச் சொல்கிறேன். துணியைக் கடுக்காயிலும் எருமைப் பாலிலும் ஊற வைத்துக் காய வைப்பார்கள். சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரக் கரைசலால் எழுதுவார்கள். கருப்புக்கு இரும்புக் கரைசல். பிறகு துணி முழுவதையும் சாயவேர் போட்டுக் கொதிக்க வைப்பார்கள். படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு பிடித்துக்கொள்ளும். மற்ற இடத்தில் ஒட்டியது வெளுத்துவிடும். நீலத்துக்கு வேறு வழி. நீலம் ஏறக்கூடாத இடத்தையெல்லாம் மெழுகால் மூடி, அவுரித் தொட்டியில் முக்கி எடுப்பார்கள். இத்தனையும் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த வேதியியல்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். நம் ஓவியர்களும் நகல் எடுத்தவர்கள்தான். கும்பெனிகள் ஐரோப்பாவிலிருந்து மாதிரிகளை அனுப்பி, "தரை வெள்ளையாக இருக்கட்டும், பூ வண்ணமாக இருக்கட்டும்" என்கிற மாதிரி கேட்டன. இவர்களும் அப்படியே எழுதிக் கொடுத்தார்கள். மரமும் கொடியுமாக இருக்கும் அந்தப் பெரிய விரிப்புகளில் பாரசீகமும் சீனமும் இங்கிலாந்தும் கலந்து கிடக்கின்றன. துணி உலகில் யாரும் யாரையும் பார்த்துச் செய்யாமல் இருந்ததே இல்லை. ஆகவே முதலில் நகல் எடுத்தவர் யார் என்பதைவிட, நகல் எடுப்பது எப்போது, யாருக்காகக் குற்றமானது என்பதுதான் முக்கியமான கேள்வி.

*

இந்தியத் துணி வந்து குவிந்ததும் ஐரோப்பாவின் கம்பளி, பட்டு நெசவாளர்கள் அலறினார்கள். 1686இல் பிரான்ஸ் இந்தியத் துணிகளுக்கும் அவற்றைப் போல உள்ளூரில் அச்சடிப்பதற்கும் தடை போட்டது. 1759 வரை அந்தத் தடை நீடித்தது. இங்கிலாந்தில் 1700இல் ஒரு சட்டம் வந்தது. ஆசியாவிலிருந்து வண்ணத் துணியைக் கொண்டுவந்து உள்நாட்டில் விற்கக்கூடாது, வெள்ளைத் துணியைக் கொண்டுவரலாம் என்றது. என்ன ஆயிற்று? வெள்ளைத் துணியை இறக்கி லண்டனைச் சுற்றி அச்சடிக்கும் தொழில் வளர்ந்தது.

1719இல் லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பட்டு நெசவாளர்கள் தெருவில் இறங்கிக் கலவரம் செய்தார்கள். பருத்திப் பூத்துணி உடுத்தி வந்த பெண்களை மறித்து உடையைக் கிழித்தார்கள். அடுத்து வந்த சட்டம் அப்படிப்பட்ட துணியை உடுத்துவதையே தடை செய்தது. அது 1722 இறுதியில் நடைமுறைக்கு வந்தது.

1774இல் அந்தத் தடையைத் தளர்த்தினார்கள். இங்கிலாந்திலேயே நூற்று நெய்த முழுப் பருத்தித் துணியில் அச்சடிக்கலாம் என்றார்கள். ஆனால் ஒரு நிபந்தனை. இது உள்நாட்டுத் துணி என்று தெரிய, துணியின் ஓரத்தில் மூன்று நீல நூல் ஓட வேண்டும். ஒரு துணி எந்த நாட்டில் நெய்யப்பட்டது என்பதைத் துணியிலேயே காட்டச் சொன்ன சட்டம் அது. புவிசார் குறியீட்டுக்கு ஒரு தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

*

தடை இருந்த காலத்தில் இன்னொரு வேலையும் நடந்தது. நம் சாயத் தொழிலின் ரகசியத்தைக் கேட்டு எழுதி அனுப்பும் வேலை.

1730களில் பொல்யூ என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி புதுச்சேரியில் ஒரு துணி எழுதப்படுவதை ஆரம்பம் முதல் முடிவு வரை பார்த்துக் குறிப்பெடுத்தார். ஒவ்வொரு கட்டத்திலும் துணியில் ஒரு துண்டு எடுத்துச் சேர்த்தார். அந்தக் குறிப்பும் துண்டுகளும் பாரிஸில் இன்னும் இருக்கின்றன. 1742இல் கேர்தூ என்ற பிரெஞ்சு ஏசு சபைப் பாதிரியார் சோழமண்டலக் கரையிலிருந்து ஒரு நீண்ட கடிதம் எழுதினார். துணி எழுதும் முறை முழுவதும் அதில் இருக்கிறது. புதிதாகக் கிறிஸ்தவரான சாயத் தொழிலாளிகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதாக அவரே சொல்கிறார். அது பிரான்சில் அச்சிலும் வந்தது. வடமொழிக்கும் லத்தீன், கிரேக்க மொழிகளுக்கும் உறவு உண்டு என்று ஆரம்பத்திலேயே எழுதியவர்களில் ஒருவரும் இதே கேர்தூதான். பெரிய அறிஞர், சந்தேகமில்லை. ஆனால் சொல்லிக் கொடுத்த தொழிலாளிகள் ஒருவரின் பெயராவது இன்று நமக்குத் தெரியுமா?

பிரான்சில் தடை நீங்கிய மறு ஆண்டு, 1760இல், வெர்சாய் அருகே ஷூயி என்ற ஊரில் ஓபர்காம்ப் அச்சுத் தொழிற்சாலை தொடங்கினார். அயர்லாந்தில் 1752இல் செப்புத் தகட்டால் துணியில் அச்சடித்தார்கள். 1783இல் தாமஸ் பெல் உருளை அச்சு இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். நம் ஊரில் ஒருவர் வாரக் கணக்கில் எழுதிய வேலையை, இயந்திரம் கஜம் கஜமாகத் தள்ளியது.

*

இப்போது ஐரோப்பியர்களுக்குள்ளேயே சண்டை ஆரம்பித்தது. லண்டன் பக்கத்து அச்சுக்காரர்கள் ஓவியருக்குச் சம்பளம் கொடுத்துப் புதுப் பூ, புதுக் கொடி என்று வரைய வைத்தார்கள். துணி கடைக்கு வந்த சில நாட்களில் வடக்கே லங்காஷயர் ஆலைக்காரர்கள் அதே பூவை மலிவான துணியில் அச்சடித்து இறக்கிவிடுவார்கள். நம் ஊரில் தீபாவளிக்கு ஒரு சேலை ஓடினால் பத்தே நாளில் அதன் நகல் கடைத்தெருவில் தொங்குகிறதே, அதே வயிற்றெரிச்சல்தான்.

வில்லியம் கில்பர்ன் என்று ஒருவர். டப்ளினில் பிறந்தவர். தாவரவியல் நூலுக்குப் பூக்களைத் துல்லியமாக வரைந்து கொடுத்த ஓவியர். பிறகு லண்டனுக்குத் தெற்கே துணி அச்சுப் பட்டறை நடத்தினார். அவரும் அவரைப் போன்றவர்களும் நாடாளுமன்றத்துக்கு மனுப் போட்டார்கள். 1787இல் சட்டம் வந்தது. லினன், பருத்தி, காலிகோ, மஸ்லின் துணிகளில் புதிய அச்சு வடிவத்தை உருவாக்கியவருக்கு 2 மாதம் முழு உரிமை. 1794இல் அதை 3 மாதமாக்கினார்கள். பிரிட்டனில் வடிவமைப்பைக் காப்பதற்கென்றே வந்த முதல் சட்டம் இதுதான்.

2 மாதம்தானா என்று சிரிக்காதீர்கள். ஒரு பருவம் விற்றால் போதும் என்பது துணி வியாபாரக் கணக்கு.

அந்தச் சட்டத்தை உற்றுப் பார்த்தால் மூன்று கேள்விகள் தெரியும். வடிவம் புதியதா? அதன் உரிமையாளர் யார்? முதலில் வெளியான நாள் எது? உரிமையாளர் பெயரை ஒவ்வொரு துணியின் இரண்டு முனையிலும் அச்சடிக்க வேண்டும் என்றும் சட்டம் சொன்னது.

இந்த மூன்று கேள்விகளைச் சோழமண்டலத்துத் துணி எழுதுபவரிடம் கேட்டுப் பாருங்கள். புதியதா? இல்லை ஐயா, தாத்தா காலத்து வடிவம். யாருடையது? எங்கள் தெருவில் எல்லோரும் எழுதுவதுதான். எப்போது வெளியானது? யாருக்குத் தெரியும். மூன்றிலும் அவர் தோற்றுவிடுவார். அவரிடம் கற்றுக்கொண்ட தொழிலில், நேற்று ஒரு பூவை மாற்றி வரைந்தவர் ஜெயித்துவிடுவார்.

இது யாரோ நமக்கு எதிராக உட்கார்ந்து தீட்டிய சதி என்று நான் சொல்லவில்லை. அந்தச் சட்டத்தைக் கேட்டவர்கள் லண்டன் பட்டறைக்காரர்கள். அவர்கள் தங்கள் அளவுக்குச் சட்டை தைத்துக்கொண்டார்கள். பிறகு உலகமே அந்த அளவுச் சட்டையைப் போட்டுக்கொண்டது. அதுதான் பிரச்சினை.

பிரிட்டனில் 1839இல் வடிவமைப்புப் பதிவு அலுவலகம் வந்தது. 1842இல் பொருட்களை 13 வகையாகப் பிரித்து வகைக்கு ஒரு காலம் என்று நிர்ணயித்தார்கள். இந்தியாவில் 1872இல் வடிவமைப்புப் பாதுகாப்புச் சட்டம், பிறகு 1888, 1911, கடைசியாக 2000ஆம் ஆண்டுச் சட்டம். இன்றைய சட்டத்திலும் முதல் கேள்வி, "புதியதா?" என்பதுதான்.

*

இந்தச் சட்டங்களெல்லாம் பிரிட்டனில் வளர்ந்துகொண்டிருந்தபோது இங்கே என்ன நடந்தது?

1866இல் ஃபோர்ப்ஸ் வாட்சன் என்பவர் இந்தியத் துணி மாதிரிகளின் தொகுப்பு ஒன்றை வெளியிட்டார். 18 தொகுதி, 700 துணித் துண்டு. வேட்டி, சேலை, தலைப்பாகை, சால்வை எல்லாவற்றிலும் உண்மையான துணியையே வெட்டி ஒட்டியிருந்தார்கள். நீளம் என்ன, அகலம் என்ன, எந்த ஊர் என்ற குறிப்போடு. 20 படிகள் தயாராயின. அதில் 13 பிரிட்டனுக்கு, 7 இந்தியாவுக்கு. நோக்கத்தை அவர் மறைக்கவே இல்லை. இந்திய மக்கள் என்ன உடுத்துகிறார்கள் என்று பிரிட்டன் ஆலைகள் தெரிந்துகொண்டு அதையே நெய்து விற்க வேண்டும். லங்காஷயர்காரர் ஒருவரின் பூவைப் பக்கத்து ஆலை எடுத்தால் சட்டப்படி குற்றம். நம் ஊர்க் கரையை எடுப்பதற்கு அரசாங்கமே மாதிரிப் புத்தகம் போட்டது.

வணிகக்குறியின் கதை கொஞ்சம் வேறு. டிரேட்மார்க் என்று நாம் சொல்வது அதைத்தான். பிரிட்டன் ஆலைகள் இந்தியாவுக்கு அனுப்பிய துணிக்கட்டிலும் நூல்கட்டிலும் வண்ணப் படம் ஒட்டி அனுப்பின. யானை, புலி, லட்சுமி, கிருஷ்ணர். எழுத்துத் தெரியாதவரும் படத்தைப் பார்த்து வாங்குவார் என்பது கணக்கு.

ஆர் யூயிங் என்ற ஸ்காட்லாந்து நிறுவனம் சிவப்புச் சாயமிட்ட நூலை பம்பாய்க்கும் ஏடனுக்கும் அனுப்பியது. அதன் சீட்டில் இரண்டு யானை. பம்பாய்ச் சந்தையில் அதற்கு 'பே ஹாத்தி', அதாவது இரண்டு யானை என்றே பெயர் ஆகிவிட்டது. ஜான்ஸ்டன் என்ற போட்டி நிறுவனமும் இரண்டு யானை போட்டுச் சீட்டு அடித்தது. படத்தில் வித்தியாசம் உண்டு, நிறுவனப் பெயரும் வேறு. வழக்கு பிரபுக்கள் சபை வரை போனது. 1882இல் தீர்ப்பு. இங்கிலீஷ் படித்தவர் ஏமாற மாட்டார் என்பது முக்கியமில்லை, பம்பாயில் 'இரண்டு யானை கொடு' என்று கேட்டு வாங்குபவர் ஏமாறுவார், ஆகவே இது தவறு என்றார்கள்.

அருமையான தீர்ப்புதான். வாங்குபவர் ஏமாறுவாரா என்பதே வணிகக்குறிச் சட்டத்தின் உயிர். இன்று போலி நைக்கி, போலி லீவைஸ் பிடிபடும்போதும் இதே கேள்விதான் கேட்கப்படுகிறது. ஆனால் சிவப்புச் சாயத்துக்குப் பேர்போன நாட்டுக்குச் சிவப்பு நூலை அனுப்பி, அந்த நாட்டுப் பெயரையும் யானையையும் வைத்து இரண்டு வெளிநாட்டு நிறுவனங்கள் உரிமைக்குச் சண்டை போட்டதையும் மறக்க வேண்டாம். அதற்குள், 1869 வாக்கில், செயற்கை அலிசரின் சாயம் வந்து சாயவேர் தொழிலின் கழுத்தை நெரிக்க ஆரம்பித்திருந்தது.

*

"ஊருக்கே சொந்தமான ஒன்றை எப்படிக் காப்பது?" என்ற கேள்விக்கு இந்தியச் சட்டம் பதில் சொல்ல 1999 ஆயிற்று. அந்த ஆண்டு புவிசார் குறியீட்டுச் சட்டம் நிறைவேறி, 2003 செப்டம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. நாடு முழுமைக்குமான அதன் பதிவகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. காஞ்சிபுரம் பட்டு, மதுரை சுங்குடி, பவானி ஜமக்காளம், ஆரணிப் பட்டு, திருபுவனம் பட்டு, செட்டிநாட்டுக் கண்டாங்கி எல்லாம் பதிவாகியிருக்கின்றன. 2021இல் கருப்பூர் கலம்காரிக்கும் கிடைத்தது. கேர்தூ கடிதம் எழுதி 279 வருஷம் கழித்து.

ஆனால் இந்தச் சட்டம் காப்பது பெயரை என்று முதலிலேயே சொன்னேன். சூரத்தில் விசைத்தறியில் ஓடிய சேலையைக் காஞ்சிபுரம் பட்டு என்று விற்றால் வழக்குப் போடலாம். அதே மாங்காய்க் கரையைப் போட்டு வேறு பெயரில் விற்றால் இந்தச் சட்டம் வாய் திறக்காது. பிராடா கதையும் அதுதான்.

இதை ஈடுகட்ட 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் இருக்கிறது. குறிப்பிட்ட அம்சங்கள் கொண்ட சேலை, வேட்டி, ஜமக்காளம் போன்ற 11 வகைகளைக் கைத்தறிக்கென்று ஒதுக்கியது அது. விசைத்தறியில் ஓட்டினால் குற்றம். சட்டம் நன்றாகத்தான் இருக்கிறது. அமலாக்கம் எப்படி என்று கடைத்தெருவில் நடந்து பார்த்தால் தெரியும்.

*

இனி நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்காக. இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

ஒன்று. மரபு வடிவத்துக்கு வடிவமைப்புப் பதிவு கிடைக்காது. ஆனால் நீங்களே புதிதாகப் போட்ட கரை, முந்தி, புட்டா இருந்தால் கிடைக்கும். 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 வருஷம், அதன் பிறகு இன்னும் 5 வருஷம் நீட்டிக்கலாம். சென்னையிலேயே விண்ணப்பம் கொடுக்கலாம்.

இரண்டு. இதுதான் மிக முக்கியம். விண்ணப்பம் போடும் முன் அந்த வடிவம் வெளியே வந்திருக்கக் கூடாது. இன்று பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? தறியிலிருந்து சேலை இறங்கியதும் படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் முகநூலிலும் போட்டுவிடுகிறார்கள். போட்ட நிமிஷமே அது 'வெளியான' வடிவம். புதியது என்ற தகுதி போய்விடும். நகல் எடுப்பவருக்கு மாதிரியும் கிடைத்துவிடும். ஆகவே முதலில் விண்ணப்பம், பிறகு ஸ்டேட்டஸ். ஜவுளிக்கென்று சட்டத்தில் ஒரு சலுகை உண்டு. பதிவு செய்ய நினைத்திருக்கும் புது வடிவத்துக்கு, ரகசியமாக வைத்துக்கொள்வது என்ற ஏற்பாட்டில் வரும் முதல் ஆர்டரை ஏற்றால் அது வெளியீடாகக் கருதப்படாது. அந்த ஏற்பாட்டை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று. "நான் வரைந்த ஓவியம்தானே, தானாகவே காப்புரிமை உண்டே" என்று நம்பி இருக்காதீர்கள். வடிவமைப்பாகப் பதிவு செய்யத்தக்க ஒன்றைப் பதிவு செய்யாமல், உற்பத்தி முறையில் 50 முறைக்கு மேல் துணியில் போட்டுவிட்டால் அந்தப் பதிப்புரிமை முடிந்துவிடும். 2016இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் ரித்து குமாரின் நிறுவனம் பிபா நிறுவனத்தின் மீது போட்ட வழக்கில் இதே காரணத்தால்தான் தோற்றது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்தக் கதி.

நான்கு. புவிசார் குறியீடு ஊருக்குக் கிடைத்துவிட்டது என்பதோடு நிற்காமல், அங்கீகரிக்கப்பட்ட பயனாளராக உங்கள் பெயரையும் பதிவு செய்யுங்கள். நாளை நீதிமன்றத்தில் "நீங்கள் யார்?" என்று கேட்டால் காட்டுவதற்கு ஒரு சான்று வேண்டும்.

வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. கடையில் தொங்கும் முத்திரைகள் எல்லாம் ஒன்றல்ல. சில்க் மார்க் என்றால் சுத்தப் பட்டு என்று மட்டும் பொருள், கைத்தறி என்று பொருள் இல்லை. கைத்தறி முத்திரை என்றால் கையால் நெய்தது. புவிசார் குறியீடு என்றால் அந்த ஊரில் அந்த முறையில் நெய்தது. என்ன விலை கொடுக்கிறோமோ அதற்குரிய முத்திரையைக் கேட்டு வாங்குங்கள்.

1787இல் கில்பர்னும் அவரது கூட்டாளிகளும் மனுப் போட்டார்கள், சட்டம் கிடைத்தது. அதே நாட்களில் நம் கரையில் துணி எழுதியவருக்கு மனுப் போட ஓர் இடம் இருந்ததாகத் தெரியவில்லை. இன்று இருக்கிறது. கிண்டியில் ஓர் அலுவலகம், கையில் ஒரு விண்ணப்பம். மரபு வடிவத்தைக் காக்கும் சரியான சட்டம் இன்னும் வரவில்லை என்பது உண்மை. அதையும் கேட்டால்தான் வரும். நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் சேர்ந்து கேட்க வேண்டும்.

உங்களுக்குத் தெரிந்த நெசவாளர் குடும்பம் இருந்தால் இந்தப் பதிவின் கடைசிப் பகுதியை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். சந்தேகம் இருந்தால் கேளுங்கள், தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.